கலிங்கில் வைத்த பலகை

எங்கள் தோட்டம் கீழ்ப்பழனி மலையில், தாண்டிக்குடிக்குப் பக்கத்தில் இருக்கிறது. முப்பது ஏக்கர் காப்பி. நிழலுக்கு நிற்கும் சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி, இடையிடையே ஆரஞ்சு, ஓடையோரம் கொஞ்சம் மலைவாழை. தோட்டத்தின் மேல்கோடியில் அந்த ஓடையை மறித்து 1987-இல் அப்பா ஒரு மண்கரை போட்டார். எங்கள் பக்கம் எல்லோரும் அதை டேம் என்றுதான் சொல்வார்கள். கரையின் நீளம் 150 அடி, நடுவில் உயரம் 20 அடி. நிரம்பினால் தண்ணீர் ஒரு ஏக்கருக்கு விரிந்து நிற்கும்.

அப்பா சமவெளிக்காரர். தாத்தா கண்மாய்ப் பாசனத்தில் நெல் போட்டவர். அதனால் மண்ணை நம்பித் தண்ணீர் தேக்குவது அப்பாவுக்குப் புதிதில்லை. எந்திரம் ஏற வழியில்லாத இடம் அது. களிமண்ணை அரையடி கனத்துக்குக் கொட்டி, தண்ணீர் தெளித்து, திமிசுக்கட்டையால் இடித்து, அதன் மேல் அடுத்த அரையடி என்று ஏற்றியிருக்கிறார்கள். அந்த வேலையில் இருந்த பெரியவர் ஒருவர் இன்றும் எங்கள் லயன் வீட்டில், அதாவது தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், இருக்கிறார். நான் அவரைத் தாத்தா என்பேன், அவருக்கு நான் இந்த வயதிலும் பாப்பா. "நெகத்தால கீறிப் பாப்பாரு பாப்பா உங்கப்பா. நெகம் எறங்குச்சுன்னா அடுத்த மண்ணு கொட்ட விடமாட்டாரு" என்று அவர் பலமுறை சொல்லியிருக்கிறார்.

கரையின் வடக்கு ஓரத்தில் பாறை வெளியே தெரியும் இடத்தில் கலிங்கு. 12 அடி அகலம், கரையின் உச்சியைவிட 4 அடி தாழ்வு. குளம் நிரம்பியதும் மிச்சத் தண்ணீர் அந்த வழியாகப் பாறை மேல் இறங்கி மறுபடி ஓடையில் சேர்ந்துவிடும். கண்மாய்க்காரர்கள் மறுகால் பாய்கிறது என்பார்களே, அதுதான்.

கரைக்குக் கீழே முந்நூறு அடி தள்ளி, அதே ஓடையோரம், 11 லயன் வீடுகள் இருக்கின்றன. அதற்குக் கீழே ஊர்ச் சாலை, அப்புறம் ஓடை சரிந்து சரிந்து மருதாநதிக்குப் போகிறது. எங்கள் டேமில் நிற்பது ஏறக்குறைய 80 லட்சம் லிட்டர். எடையாகச் சொன்னால் 8,000 டன். அந்த வீடுகளுக்கு மேலே 8,000 டன் நிற்கிறது என்ற கணக்கை முப்பது வருஷம் எங்கள் வீட்டில் யாரும் போட்டுப் பார்க்கவில்லை. லிட்டரில் மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

லிட்டரில் பேசியதற்குக் காரணம் உண்டு. காப்பி பூக்க மாசி, பங்குனியில் ஒரு மழை வேண்டும். பூ மழை என்போம். அது வராவிட்டால் ஸ்பிரிங்க்ளர் போட்டு நாமே அந்த மழையைப் பெய்விக்க வேண்டும். ஓர் ஏக்கருக்கு ஓர் அங்குலம் பெய்விக்க ஒரு லட்சம் லிட்டர் ஆகிறது. முப்பது ஏக்கருக்கு 30 லட்சம். பூ உதிர்ந்து பிஞ்சு பிடிக்க இரண்டு மூன்று வாரத்தில் இன்னொரு சுற்று. வெயிலில் ஆவியாகிப் போவது, வீடுகளுக்குக் குடிக்கப் போவது எல்லாம் சேர்த்தால் 80 லட்சம் சரியாகப் போய்விடும். ஒரு சுற்று தவறினால் அந்த வருஷ மகசூல் கையை விட்டுப் போகும்.

2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. எங்கள் சரிவு ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பியே வாழ்வது. அந்த வருஷம் குளம் கால்வாசிகூட நிரம்பவில்லை. 2017 மாசியில் காய்ந்த காப்பிச் செடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு நான் எடுத்த முடிவுதான் இந்தக் கட்டுரை எழுதக் காரணம். தோட்டம் அப்போது என் பொறுப்புக்கு வந்துவிட்டது. அடுத்த மழைக்கு முன் கலிங்கின் இரண்டு பக்கமும் இரும்புச் சட்டம் பதித்து, இடையில் 2 அடி உயரத்துக்குப் பலகை இறக்கினேன். ஒரு ஏக்கர் பரப்பில் 2 அடி கூடினால் 25 லட்சம் லிட்டர். கிட்டத்தட்ட ஒரு சுற்றுத் தண்ணீர். பிறகு, குளத்தில் விட்டிருந்த கட்லா, ரோகு மீன்கள் மறுகாலில் போய்விடாமல் இருக்க, பலகைக்கு முன்னால் நைலான் வலையும் கட்டினேன்.

அப்பா கரைக்கு வந்து பார்த்தார். திட்டவில்லை. "ஐப்பசிக்கு முன்னாடி எடுத்துரு" என்று மட்டும் சொன்னார்.

அவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பது எனக்குப் பின்னால்தான் புரிந்தது. பழைய கண்மாய்களின் கலிங்கில் வரிசையாகக் கற்கள் நட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பெருமழைக் காலம் முடிந்த பிறகு அந்தக் கற்களுக்கு இடையில் மண்ணும் வைக்கோலும் பலகையும் வைத்து அடைப்பார்கள். கூடுதலாக ஓர் அடி, இரண்டடி தண்ணீர் நிற்கும். அடுத்த மழைக்கு முன் அடைப்பை எடுத்துவிடுவார்கள். ஆக, அடைப்பது நம் ஊரில் புதிய வேலை கிடையாது. எப்போது அடைப்பது, எப்போது திறப்பது என்பதில்தான் முழு விஷயமும் இருந்தது. கண்மாயில் அதைப் பார்த்துக்கொள்ள மடையர், நீர்க்கட்டி என்று ஊரே நியமித்த ஆள் இருந்தார். எங்கள் டேமுக்கு நான் மட்டும்தான்.

2017 ஐப்பசியில் எடுக்கவில்லை. ஒன்றும் ஆகவில்லை. 2018 ஐப்பசியிலும் எடுக்கவில்லை. பலகைகள் ஊறிப்போய்ச் சட்டத்தில் இறுகியிருந்தன.

2018 நவம்பர் 16, வெள்ளிக்கிழமை. கஜா புயல் அன்று அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கரையேறி, மேற்கே நகர்ந்து எங்கள் மலைக்கு வந்தது. காற்றில் சில்வர் ஓக் மரங்கள் முறிந்து விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. கரண்ட் இல்லை, போனில் சிக்னல் இல்லை, சாலையில் மரங்கள். வேலை இல்லாத நாள் என்பதால் லயன் வீடுகளில் எல்லோரும் இருந்தார்கள். பள்ளிக்கூடமும் விடுமுறை. பிள்ளைகளும் வீட்டில்.

தாத்தாதான் நனைந்தபடி ஓடி வந்தார். "பாப்பா, கரை மேல தண்ணி வருது."

நான் போய்ப் பார்த்தபோது கலிங்கில் தண்ணீர் போகவில்லை. வலை முழுக்க இலையும் கிளையும் அடைத்து அது ஒரு சுவராக நின்றது. கரையின் நடுவில், காட்டுமாடுகள் குளத்தைத் தாண்டிப் போய்ப் போய்த் தடம் விழுந்திருந்த இடத்தில், விரல் கனத்துக்குத் தண்ணீர் கரையைத் தாண்டிப் பின்சரிவில் வழிந்துகொண்டிருந்தது. புல் மேல் போகும்வரை தெளிவாக இருந்தது. புல் முடிந்த இடத்தில் செம்மண் நிறத்துக்கு மாறியது. அந்த நிறம் இன்னும் என் கண்ணில் இருக்கிறது.

இரண்டு பேரைக் கீழே அனுப்பி 11 வீட்டையும் காலி செய்து மேட்டில் இருக்கும் காப்பிக் களத்துக்குப் போகச் சொன்னேன். காப்பிச் சாக்குகளில் மண் நிரப்பித் தடத்தில் அடுக்கினோம். தாத்தாவும் இன்னொருவரும் இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு இறங்கி அரிவாளால் வலையை அறுத்தார்கள். பலகையை உருவ முடியவில்லை. தண்ணீர் அழுத்தும்போது பலகை அசையாது என்பது அந்த நிமிஷத்தில்தான் எனக்குத் தெரிந்தது. கடப்பாரையால் ஒவ்வொன்றாக உடைத்தார்கள். கடைசிப் பலகை போனதும் கலிங்கு முழு அகலத்துக்கும் தண்ணீர் பாய்ந்த சத்தம் மழைச் சத்தத்தையும் அமுக்கிவிட்டது. ஒரு மணி நேரத்தில் மட்டம் ஓர் அடி இறங்கியது. கரை நின்றது. அப்பா இடித்த மண் நின்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

அந்த வாரமே, பொதுப்பணித் துறையில் ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவரை அழைத்து வந்தேன். அவர் கலிங்கைப் பார்த்ததும் கேட்ட கேள்வி: "நாலடி வாய்ல ரெண்டடி அடைச்சா எவ்வளவு தண்ணி குறையும்னு நெனைச்சீங்க?"

பாதி என்றேன்.

இல்லை. கலிங்கில் பாயும் தண்ணீர், அதன் மேல் நிற்கும் ஆழத்தோடு நேர் விகிதத்தில் கூடுவதில்லை. ஆழம் இரண்டு மடங்கானால் பாயும் தண்ணீர் ஏறக்குறைய மூன்று மடங்காகக் கூடுகிறது. ஆழமும் கூடும், பாயும் வேகமும் கூடும் என்பதால். 12 அடி அகலத்தில் 4 அடி ஆழத்துக்குப் பாய்ந்தால் விநாடிக்கு ஏறக்குறைய 8,000 லிட்டர் போகும். 2 அடி மட்டும் பாய்ந்தால் 3,000-க்கும் கீழே. பாதி ஆழத்தை அடைத்து, மூன்றில் இரண்டு பங்கு வழியை அடைத்திருக்கிறேன். எங்கள் குளத்துக்குத் தண்ணீர் வரும் சரிவு 100 ஏக்கர். மணிக்கு 10 சென்டிமீட்டர் வேகத்தில் ஒரு மழை கொட்டி, அதில் பாதி ஓடி வந்தாலே விநாடிக்கு 5,500 லிட்டர் வந்து சேரும். அப்பா வைத்த கலிங்கு அதைத் தாங்கும். நான் அடைத்த கலிங்கு தாங்காது. அந்த மனிதர் இதை என் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுக் காட்டினார். அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

மணிக்கு 10 சென்டிமீட்டர் என்பது மிகையாகத் தோன்றலாம். நீலகிரியில் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் பெய்தது. அதற்குப் பத்து வருஷம் முன்னால், 2009 நவம்பரில், கேத்தியிலும் ஒரே நாளில் அதே அளவு. மலையில் பெய்யும் மழைக்கு நாம் வரம்பு வைக்க முடியாது.

கல் அணை மீது தண்ணீர் வழிந்தால் அநேகமாகத் தாங்கிவிடும். மண்கரை தாங்காது. வழியும் தண்ணீர் பின்சரிவின் அடியை முதலில் அரிக்கும், அரிப்பு படிப்படியாக மேலே ஏறி உச்சியைத் தொடும், அதன் பிறகு வாய் பிளந்துவிடும். திண்டுக்கல்காரர்களுக்கு இது கதையாகத் தெரியும். எங்கள் மலையின் தண்ணீரும் போய்ச் சேரும் குடகனாற்றில், வேடசந்தூர் அருகே அழகாபுரியில் கட்டிய மண் அணை 1977 வெள்ளத்தில் உடைந்தது. ஷட்டர்களைத் தூக்கும்போது மின்சாரம் போனது. பாதிதான் தூக்க முடிந்தது. கையால் சுற்றிப் பார்த்தும் போதவில்லை. தண்ணீர் கரை மேல் ஏறிவிட்டது. அதைப் படித்தபோது, ஊறி இறுகிய என் பலகைதான் நினைவுக்கு வந்தது. மழை வரும்போது அசைக்க வேண்டிய எதையும் கலிங்கில் வைக்கக் கூடாது என்று அன்று முடிவு செய்தேன்.

வலை விஷயத்திலும் எனக்கு முன்னால் ஒருவர் இருந்திருக்கிறார். அமெரிக்காவில் பென்சில்வேனியாவில், ஜான்ஸ்டவுன் ஊருக்கு மேலே, பணக்காரர்கள் மீன் பிடிக்கவும் ஓய்வெடுக்கவும் வைத்திருந்த தனியார் ஏரி ஒன்று. ஆண்ட்ரூ கார்னெகிகூட அந்த கிளப்பில் உறுப்பினர். குதிரை வண்டி போக வசதியாகக் கரையின் உச்சியைச் செதுக்கித் தாழ்த்தினார்கள். மீன் தப்பாமல் இருக்கக் கலிங்கில் தடுப்பு வைத்தார்கள். ஏரியின் அடியிலிருந்து தண்ணீர் திறந்துவிடும் அடிமடைக் குழாய்களை அதற்கு முன்பே யாரோ பிடுங்கி விற்றிருந்தார்கள். 1889 மே 31-ஆம் தேதி பெருமழையில் தடுப்பில் குப்பை அடைத்து, கரை உடைந்து, 2,209 பேர் இறந்தார்கள். நான் செய்ததும் அதேதான். கரையின் உச்சியில் தாழ்ந்த ஓர் இடம், கலிங்கில் மீன் வலை. அளவுதான் வேறு.

பொறியாளர் அடுத்து அடிமடைக்குப் போனார். அங்கேதான் எனக்கு இன்னும் பெரிய பயம் காத்திருந்தது.

அப்பா வைத்த இரும்புக் குழாய் துருப்பிடித்ததால் சில வருஷங்களுக்கு முன் ஒரு ஒப்பந்தக்காரர் அதை மாற்றிக் கொடுத்தார். கரையைக் குறுக்கே வெட்டி, பிவிசி குழாய் வைத்து, எடுத்த மண்ணை அப்படியே தள்ளி மூடினார். திமிசு போடவில்லை. வால்வைக் கீழ்ப்பக்கம் வைத்தார். அப்படி வைத்தால் குழாயில் எப்போதும் அழுத்தம் இருக்கும். கரைக்குள் ஒரு மூட்டு விட்டால் உள்ளேயே பீய்ச்சும். இப்போது குழாயை ஒட்டி வெளியே தண்ணீர் கசிந்தது.

"தண்ணி கசியாத மண்கரை கெடையாதும்மா" என்றார் அவர். "எவ்வளவு கசியுது, என்ன நெறத்துல கசியுது, அதைத்தான் பாக்கணும்." கசிவை ஒரு பாட்டிலில் பிடித்து வீட்டுத் திண்ணையில் வைக்கச் சொன்னார். மறுநாள் அடியில் நகம் கனத்துக்கு மண் படிந்திருந்தது. தெளிந்த தண்ணீர் கசிந்தால் கரை தண்ணீரை மட்டும் விடுகிறது. கலங்கிய தண்ணீர் கசிந்தால் கரை தன்னையே கரைத்து வெளியே அனுப்பிக்கொண்டிருக்கிறது. உள்ளே எலி வளை மாதிரி ஒரு வழி பின்னாலிருந்து முன்னால் வளரும். அது குளத்தைத் தொடும் நாளில் சில மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிடும். உலகத்தில் உடைந்த மண் அணைகளில் ஏறக்குறைய பாதி தண்ணீர் மேலேறி உடைந்தவை. மறுபாதியில் பெரும்பகுதி இப்படி உள்ளுக்குள் அரித்து உடைந்தவை. எங்கள் கரையில் இரண்டும் ஒரே நேரத்தில் தொடங்கியிருந்தன.

தண்ணீரை ஒரே நாளில் திறந்துவிட நினைத்தேன். அதையும் தடுத்தார். குளம் சட்டென்று வற்றினால் ஊறியிருக்கும் உள்சரிவு, எதிரே தாங்கிய தண்ணீர் இல்லாமல், சரிந்து விழும். ஒரு நாளில் ஓர் அடிக்கு மேல் இறக்காதீர்கள் என்றார். அதுவரை கசிவின் வாயில் முதலில் கழுவிய மணல், அதன் மேல் சின்ன ஜல்லி, அதன் மேல் பெரிய ஜல்லி என்று கொட்டச் சொன்னார். அடைக்கக் கூடாது, தண்ணீரைப் போகவிட்டு மண்ணை மட்டும் பிடித்து நிறுத்த வேண்டும். சிமென்ட் வைத்து வாயை அடைத்தால் தண்ணீர் வேறு வழி தேடும். மூன்றாம் நாள் பாட்டிலில் வண்டல் இல்லை. எனக்கு அழுகை வந்தது.

2019 கோடையில் குழாய் வெட்டைத் திறந்து, அரையடி அரையடியாக இடித்து மூடினோம். தாத்தா வரப்பில் உட்கார்ந்துகொண்டு இளவட்டங்களை அதட்டினார். நகத்தால் கீறிப் பார்த்தது இந்த முறை நான். கலிங்கை 20 அடிக்கு அகலப்படுத்தி, மட்டத்தைக் கான்கிரீட்டில் நிரந்தரமாக வைத்தோம். சட்டமும் இல்லை, பலகை இறக்க இடமும் இல்லை. கரை உச்சியை டியூப் லெவல் பிடித்துப் பார்த்தபோது காட்டுமாட்டுத் தடம் ஓரங்களைவிட 9 அங்குலம் தாழ்ந்திருந்தது. கண்ணுக்கு அது தெரியவே இல்லை. அதையும் ஏற்றினோம். கரையில் நின்ற மரங்களில் சின்னவற்றை எடுத்துவிட்டோம். பெரிய இரண்டைத் தொடவில்லை. வெட்டினால் வேர் மக்கி அந்த இடமே தண்ணீர்க் குழாயாகிவிடும் என்பதால் அவற்றை என்ன செய்வது என்று இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். செலவு அந்த வருஷக் காப்பி வருமானத்தில் பெரிய பங்கைத் தின்றது. அந்த 25 லட்சம் லிட்டர் இப்போது இல்லை. சில வருஷம் மேல்சரிவு ஐந்து ஏக்கருக்கு இரண்டாம் சுற்று கிடையாது. அதை ஏற்றுக்கொண்டோம்.

இதில் எந்த அரசு அலுவலகமும் என்னை எதுவும் கேட்கவில்லை. கேட்கும்படி சட்டமும் இல்லை. 2021-இல் வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளையும், 10 முதல் 15 மீட்டருக்குள் சில நிபந்தனைக்கு உட்பட்டவற்றையும்தான் பார்க்கிறது. எங்கள் கரை 6 மீட்டர். கீழ்ப்பழனியிலும் மேல்மலையிலும் நீலகிரியிலும் இந்த அளவில் எத்தனையோ தனியார் குளங்கள். காப்பிக்கு, கேரட்டுக்கு, தேயிலைக்கு, இப்போது தங்கும் விடுதிகளில் அழகுக்கும் கட்டுகிறார்கள். அழகுக்குக் கட்டும் குளத்துக்குக் கீழேயும் யாராவது தூங்குகிறார்கள். தாலுகா அலுவலகத்தில் குறைந்தபட்சம் ஒரு பட்டியலாவது இருக்க வேண்டும்: எங்கே, எவ்வளவு உயரம், கீழே எத்தனை வீடு, யாரைக் கூப்பிடுவது. இதைக் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன்.

கென்யாவில் நகுரு பக்கம் சோலாய் என்ற இடத்தில் ஒரு தனியார் பண்ணையின் மண் அணை 2018 மே 9 இரவு உடைந்தது. கஜாவுக்கு ஆறு மாதம் முன்னால். குறைந்தது 47 பேர் இறந்தார்கள். இருட்டில், எச்சரிக்கை இல்லாமல். இரண்டு வருஷம் கழித்து, 2020 மே மாதம் அமெரிக்காவில் மிச்சிகனில் ஈடன்வில் என்ற தனியார் மண் அணை உடைந்து, அந்தத் தண்ணீர் கீழே இருந்த சான்ஃபோர்ட் அணையையும் தாண்டி உடைத்தது. ஆனால் அங்கே சுமார் 10,000 பேரை நேரத்துக்கு வெளியேற்றினார்கள். ஒருவரும் சாகவில்லை. இந்த இரண்டையும் படித்த பிறகுதான் லயன் வீடுகளில் எல்லோரையும் கூட்டிப் பேசினேன். கலங்கிய தண்ணீர் என்றால் என்ன, எந்த மணி அடித்தால் எந்த மேட்டுக்கு ஓட வேண்டும் என்று. "இத்தனை வருஷம் ஏன் சொல்லல?" என்று ஓர் அக்கா கேட்டார். நான் மன்னிப்புக் கேட்டேன்.

ஈடன்வில் கதை என்னை வேறொரு பக்கமும் திருப்பியது. எங்கள் ஓடையில் அரை மைல் மேலே இன்னொரு தோட்டம், இன்னொரு டேம். எங்களுடையதைவிடப் பெரியது. அது உடைந்தால் என் கரை எவ்வளவு நன்றாக இருந்தும் நிற்காது. உரிமையாளர் வெளியூரில் இருக்கிறார். போன ஐப்பசி முதல் வாரம் நானும் தாத்தாவின் பேரனும் ஏறிப் போனோம். கலிங்கில் மூன்று வரிசை மணல் மூட்டை. அதன் மேல் புல் முளைத்திருந்தது.

காவலாளி டீ போட்டுக் கொடுத்தார். மூட்டையை எடுக்கத் தனக்கு உத்தரவு இல்லை என்றார். உரிமையாளருக்குப் போன் போட்டுக் கொடுத்தார். அவர் மரியாதையாகப் பேசினார். தண்ணீர் பற்றாக்குறையைப் பற்றி நீண்ட நேரம் சொன்னார். அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் 2017-இல் நான் எனக்கே சொல்லிக்கொண்டது. பொறியாளர் போட்ட கணக்குத் தாளைப் படம் எடுத்து அவருக்கு அனுப்பினேன். பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.

திரும்பும் முன், மோட்டார் அறைச் சுவரில் கரித்துண்டால் என் போன் நம்பரையும் அதன் கீழே "தண்ணி கலங்கலா வந்தா உடனே கூப்பிடுங்க, எந்த நேரமானாலும்" என்றும் எழுதிவிட்டு வந்தேன். தீபாவளி கழிந்து ஒரு நாள் காலையில் போன் வந்தது. காவலாளிதான். ஒரு வரிசை மூட்டையை எடுக்கச் சொல்லிவிட்டார்கள் அக்கா, இரண்டு ஆள் அனுப்ப முடியுமா என்று கேட்டார். நான்கு பேராகப் போனோம்.